ஐந்து லிட்டரும் ஒன்றரை லிட்டரும்: சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு கார்ச் சண்டை

1998ஆம் ஆண்டு மிட்சுபிஷி நிறுவனம் உலக ராலிப் போட்டியில் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. அதன் ஓட்டுநர் டாமி மாக்கினன் தொடர்ந்து மூன்றாம் முறையாகச் சாம்பியன் ஆனார். இருவருக்கும் வெற்றி தேடித்தந்த வண்டி லான்சர் எவல்யூஷன். அதே ஆண்டில் ஆவடியைத் தாண்டி சி.டி.எச். ரோட்டில் மேற்கே போனால் வரும் திருவள்ளூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து லான்சர் கார்கள் வெளிவரத் தொடங்கின. உடல் அதே குடும்பம், இதயம் வேறு. மாக்கினன் ஓட்டிய வரிசையின் சாலை வண்டியில் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் 280 குதிரைத்திறன் தந்தது. திருவள்ளூர் லான்சரின் ஒன்றரை லிட்டர் எஞ்சின் தொண்ணூறைக்கூடத் தொடவில்லை. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் வளர்ந்த ஒரு தலைமுறையின் கார் மோகத்தைப் புரிந்துகொள்ள இந்த இடைவெளியிலிருந்து தொடங்குவது நல்லது. அவர்களில் பலர் அதை நிரப்பத்தான் பட்டறைகளுக்கு நடந்தார்கள்.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் பெரிதா, மாற்றியமைத்த ஜப்பான் கார் பெரிதா என்ற சண்டை இங்கே பிறந்ததல்ல. அமெரிக்காவில் அதற்கு ஒரு வர்க்கமும் ஒரு வயதும் இருந்தன. 1964இல் வந்த ஃபோர்டு மஸ்டாங், அதைத் தொடர்ந்த கமாரோ, சார்ஜர் எல்லாம் பெரிய வி8 எஞ்சினை நம்பிய வண்டிகள். எட்டு சிலிண்டர், ஐந்து லிட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ கொள்ளளவு, வேகத்தைவிட முந்திக்கொண்டு வரும் உறுமல். 1990களில் கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் வேறொரு கூட்டம் கிளம்பியது. ஆசிய, லத்தீன் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். வீட்டில் ஓடித் தேய்ந்த பழைய ஹோண்டா சிவிக்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அதில் டர்போ மாட்டி, எடையைக் குறைத்து, சிக்னலில் வி8 வண்டிகளை மிரட்டினார்கள். நியூயார்க் தெருப் பந்தயங்களைப் பற்றி 1998இல் வைப் இதழில் கென் லீ எழுதிய கட்டுரைதான் 2001இல் வந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்’ படத்துக்கு விதை. அந்தப் படம் ஒரு டாட்ஜ் சார்ஜரையும் ஒரு டொயோட்டா சுப்ராவையும் நேருக்கு நேர் ஓடவிட்டுத்தான் முடிவை நெருங்குகிறது. அந்த நாட்டில் இறக்குமதி வண்டி என்றால் மலிவான வண்டி, கையால் உழைத்து உயர்த்திய வண்டி. அதனால்தான் அந்தச் சண்டையில் உணர்ச்சி இருந்தது.

இங்கே படம் வந்து சேர்ந்தது. அதன் தமிழ் டப்பிங்கும் வந்தது. பர்மா பஜார் குறுந்தகடும், பிரவுசிங் சென்டரில் ஆடிய ‘நீட் ஃபார் ஸ்பீடு’ விளையாட்டும் வந்தன. மதுரவாயலில் பத்தாம் வகுப்பு படித்த பையனுக்கு சுப்ராவின் எஞ்சின் எண் மனப்பாடம். ஆனால் படத்தில் வந்த வண்டிகளில் ஒன்றுகூட இந்தச் சாலைகளில் இல்லை. மஸ்டாங் கட்சி, சுப்ரா கட்சி என்று இரண்டாகப் பிரிந்து டீக்கடையில் வாதம் நடந்தது. வாதத்துக்குரிய பொருள் மட்டும் சுங்கத் தீர்வைக்கு அப்பால் நின்றது.

அமெரிக்க வண்டிகள் சென்னைக்குப் புதியவை அல்ல. ஃபோர்டு 1926இலேயே இந்தியாவில் நிறுவனம் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. உள்நாட்டில் முழுமையாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்டலாம் என்று அரசு 1953இல் முடிவெடுத்ததும் இரண்டும் வெளியேறின. மிஞ்சிய பிளைமவுத்தும் டாட்ஜும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வாடகை வண்டியாக ஓடித் தேய்ந்தன. இம்பாலா சினிமாக்காரர்களின் அந்தஸ்தாகப் போனது. ஃபோர்டு திரும்பி வந்து, 1990களின் கடைசியில் மறைமலை நகரில் தொழிற்சாலை எழுப்பி, 1999இல் ஐகான் என்ற காரைக் கொண்டுவந்தது. 1.6 லிட்டர் ஐகானும் பின்னால் வந்த 1.6 ஃபியஸ்டாவும் ஓட்டத் தெரிந்தவர்கள் இன்றும் தேடி வாங்கும் வண்டிகள். ஆனால் அவற்றின் அடித்தளம் ஐரோப்பிய ஃபியஸ்டா. நீல முட்டை முத்திரையைத் தவிர டெட்ராய்ட்டின் வாசனை அவற்றில் இல்லை.

உண்மையான மஸ்டாங் 2016 ஜூலையில் வந்தது. தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கோடு தயாரான முதல் மஸ்டாங் தலைமுறை அது. இந்தியாவில் விற்க முடிந்ததற்கு அதுவே காரணம். ஐந்து லிட்டர் வி8, ஏறத்தாழ 400 குதிரைத்திறன், டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். அமெரிக்காவில் அடிப்படை மஸ்டாங் ஜிடி அப்போது 32,000 டாலரை ஒட்டி விற்றது. அன்றைய மாற்று மதிப்பில் இருபத்தோரு லட்சம் சொச்சம். வித்தியாசத்தில் பெரும்பகுதி வரி: மூன்று லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் எஞ்சின் கொண்ட, முழுதாக இறக்குமதியாகும் காருக்கு அப்போது சுங்கத் தீர்வை மட்டுமே நூறு சதவீதம். அதே ஆண்டுக் கடைசியில் ஜப்பான் பக்கத்தின் அரசனான நிசான் ஜிடி-ஆர் வந்தது. விலை 1.99 கோடி. நிசானுக்கு அப்போது ஒரகடத்தில் தொழிற்சாலை இருந்தது, பூந்தமல்லியிலிருந்து எட்டும் தூரம்தான். ஜிடி-ஆர் அங்கே பிறக்கவில்லை, கப்பலில் வந்தது.

இந்த இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அமெரிக்கச் சண்டை இங்கே கவிழ்ந்துபோவது தெரியும். அங்கே எதிரெதிர் வர்க்கங்களாக நின்ற வி8ம் ஜப்பான் டர்போவும் இங்கே ஒரே கேட்டட் கம்யூனிட்டியின் ஒரே பார்க்கிங்கில் நிற்கின்றன. இரண்டுமே பணம். பழைய வண்டியை ஜப்பானிலிருந்து மலிவாகக் கொண்டுவரும் வழியும் ஏறக்குறைய அடைபட்டது: மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகவே வரவேண்டும், சோதனை நிலையத்தின் சான்றும் வேண்டும். வரியையும் சேர்த்தால் புதுக்காரே தேவலை. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை வீடு வீடாகப் புகுந்து, பூட்டான் வழியாகக் கொண்டுவரப்பட்டதாகச் சந்தேகித்த வண்டிகளைப் பறிமுதல் செய்ததே, இந்தக் கதவு எவ்வளவு இறுகியது என்பதற்கும் ஆசை எவ்வளவு பெரியது என்பதற்கும் சாட்சி. பாக் நீரிணையைத் தாண்டினால் நிலைமை வேறு. இலங்கையில் ஜப்பானியப் பழைய வண்டிகளை இறக்கி ஓட்டுவது பல பத்தாண்டுப் பழக்கம்; 2020 மார்ச்சில் நெருக்கடியால் நின்ற இறக்குமதி 2025 பிப்ரவரியில் மீண்டும் திறந்தது. யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு ஜப்பான் கார் அன்றாடம். ஆவடி இளைஞனுக்கு அது வால்பேப்பர்.

ஆகவே இங்கே ‘இம்போர்ட்’ இடத்தை நிரப்பியது உள்ளூரில் தயாரான ஜப்பான் முத்திரைதான். அதில் ஒன்று திருவள்ளூர் லான்சர். அது புதிதாக விற்றபோது தொழிலதிபரும் டாக்டரும் வாங்கினார்கள். பத்து வருடம் ஓடி, செகண்ட் ஹேண்டில் விலை சரிந்தபோதுதான் இளைஞர் கைக்கு வந்தது. ராலிப் படங்களில் பார்த்த பானெட்டையும் பின் சிறகையும் ஃபைபரில் வார்த்து மாட்டினார்கள். திருவள்ளூரிலேயே 2006 முதல் வந்த இரண்டு லிட்டர் லான்சர் செடியா, எம்.ஆர்.எஃப். அணியின் வண்டியாக இந்திய ராலிகளில் ஓடியது. அதனால் அந்தப் பெயருக்கு மண்ணின் புழுதியும் சேர்ந்தது. இன்னொரு பக்கம் ஹோண்டா சிட்டி விடெக். நொய்டா பக்கம் தயாரான அந்த ஒன்றரை லிட்டர் எஞ்சின் 106 குதிரைத்திறன் தந்தது, அதுவும் 6,800 சுழற்சியில். டர்போ கிடையாது. குறைந்த சுழற்சியில் ஒரு கேம், கூடிய சுழற்சியில் இன்னொரு கேம் என்று வால்வுகளின் திறப்பையே மாற்றிக்கொள்ளும் அமைப்பு அதில் இருந்தது. அந்த மாற்றம் நிகழும் நொடியில் குரல் மாறும். சிட்டி வைத்திருந்தவர்கள் அந்தக் குரலுக்காகவே இரண்டாம் கியரைப் பிடித்து இழுத்தார்கள்.

வண்டி கிடைத்தது, மாற்ற யார்? இங்கேதான் மேற்குப் புறநகரின் தனித்தன்மை. அம்பத்தூர் தொழிற்பேட்டையை அரசு 1964இல் தொடங்கியது. அதற்கும் முன்பிருந்தே பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வாகன உதிரிபாகத் தொழில் வேர்விட்டிருந்தது. ஆவடியில் ராணுவ டாங்கிகளே தயாராகின. 1965இல் விஜயந்தா அங்கிருந்துதான் உருண்டு வந்தது. இவற்றுக்கு வேலை செய்துகொடுக்கும் லேத்துகள், மில்லிங் பட்டறைகள், வெல்டிங் கடைகள், ஹீட் ட்ரீட்மென்ட் கூடங்கள் சுற்றிலும் முளைத்தன. தொழிற்சாலையில் மைக்ரானில் வேலை கற்றவர் ஓய்வுக்குப் பின் சொந்த லேத் போட்டார். அவர் மகன் ஐ.டி.ஐ. முடித்தான். ஒரு ஸ்பேசர் கடைய வேண்டுமா, சிலிண்டர் ஹெட்டை மில்லிமீட்டரின் சிறு பங்கு சீவ வேண்டுமா, ஸ்டெயின்லெஸ் குழாயை வளைத்து ஹெடர் பற்றவைக்க வேண்டுமா, கேட்டலாக் புரட்ட வேண்டியதில்லை. அளவைச் சொன்னால் போதும். கலிபோர்னியாப் பையன் அஞ்சலில் வரவழைத்ததை அம்பத்தூர்ப் பையன் அண்ணாச்சி டீக்கடைக்கு எதிர்ப் பட்டறையில் அடித்துக்கொண்டான். இதைக் குறைவாக நினைப்பவர்கள் சோழவரத்தை மறந்தவர்கள்.

சோழவரம் செங்குன்றத்துக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950களிலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே பந்தயம் நடத்தியது. இறக்குமதி ஏறக்குறைய நின்றிருந்த காலம். ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் ஆகியவற்றின் எஞ்சின்களைக் குடைந்து, கூண்டைத் தாமே பற்றவைத்துத்தான் பலர் ஓடினார்கள். விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் ஃபார்முலா ஒன் வண்டியைப் பார்க்கக் கூட்டம் வந்தது உண்மை. ஆனால் அந்தக் களத்தைத் தாங்கியவர்கள் பட்டறைக்காரர்கள். வாங்கிய வேகம் ஒரு பக்கம், செய்த வேகம் ஒரு பக்கம் என்ற பிளவு அப்போதே தொடங்கிவிட்டது. அமெரிக்க வண்டியா ஜப்பான் வண்டியா என்பதைவிட அதுதான் இந்த ஊரின் உண்மையான சண்டை என்பது என் கணிப்பு.

இதற்கிடையில் வரி விதிகள் எஞ்சினையே செதுக்கின. 2006 பட்ஜெட், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கி, பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி தாண்டாத கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கியது. பெரிய எஞ்சினுக்கு அது மறைமுக அபராதம். கொள்ளளவைக் கூட்டிச் சக்தி சேர்க்கும் அமெரிக்க வழி நடுத்தர வர்க்கத்துக்கு அத்தோடு மூடியது. மிஞ்சியது சிறு எஞ்சினில் காற்றை அழுத்தும் வழி. 2013இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2 லிட்டரில் 105 குதிரைத்திறன் தந்தது. இத்தகைய டர்போ வண்டிகளின் கணினிக் கட்டுப்பாட்டில் டர்போ அழுத்தம், எரிபொருள் அளவு, தீப்பொறி நேரம் மூன்றுக்குமான அட்டவணைகள் உண்டு. வெப்பம், மோசமான பெட்ரோல், மாசுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் கருதி நிறுவனம் கொஞ்சம் கையிருப்பு வைத்திருக்கும். லேப்டாப்பைச் செருகி அந்தக் கையிருப்பைச் செலவழிப்பதுதான் ரீமேப். டர்போ எஞ்சினில் இருபது, இருபத்தைந்து சதவீதம் கூடும். பழைய சிட்டி போன்ற டர்போ இல்லாத எஞ்சினில் பலன் சொற்பம். ஆகவே விடெக் தலைமுறையின் லேத் வேலை மெல்ல ஒதுங்கி, லேப்டாப் வேலை முன்னே வந்தது. டீசல் டர்போக்காரர்கள் இதில் தனிக் கட்சி. குறைந்த சுழற்சியிலேயே முதுகை இருக்கையில் அழுத்தும் டார்க் அவர்கள் பெருமை. எனக்கென்னவோ, வி8 தரும் இன்பத்துக்கு இந்த மண்ணில் மிக நெருங்கிய உறவு ரீமேப் செய்த டீசல்தான் என்று தோன்றுகிறது. வி8 ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஹூண்டாய் 2021இல் ஐ20 என்-லைன் வண்டியைத் தன் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து இறக்கியபோது, ஒரு லிட்டர் டர்போ எஞ்சினுக்கு இரட்டைக் குழாய் எக்ஸாஸ்டையும் கனத்த குரலையும் கம்பெனியே கொடுத்தது. பட்டறையின் வேலை ஷோரூமுக்குள் குடிபுகுந்தது.

அப்படிக் குடிபுக நேர்ந்ததற்குச் சட்டமும் காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2000இல் திருத்தி, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளர் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றார்கள். கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எஞ்சினை மாற்றலாம், ஆனால் அதே தயாரிப்பு, அதே வகை, முன் அனுமதியோடு. அமெரிக்க இறக்குமதிக் கலாச்சாரத்தின் உயிர்நாடியான எஞ்சின் மாற்றம் இங்கே அந்த வரியோடு செத்தது. ‘டோக்கியோ டிரிஃப்ட்’ படத்தில் 1967 மஸ்டாங்கின் உடலில் நிசான் ஸ்கைலைனின் எஞ்சினைப் பொருத்தி இரண்டு கட்சிக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். இங்கே அப்படிச் செய்தால் ஆர்டிஓ வாசலில்தான் நிற்க வேண்டும். 2019 திருத்தம் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. சத்தத்துக்கு 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை. சாலையில் பந்தயம் ஓடினால் 189ஆம் பிரிவு.

இவற்றில் பந்தயச் சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. தாம்பரத்திலிருந்து புழல் போகும் பைபாஸும், வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் அவுட்டர் ரிங் ரோடும் திறந்த பிறகு, மேற்குப் புறநகருக்கு இரவு நேரத்து நேர்கோடுகள் கிடைத்தன. அங்கே நடந்த பந்தயங்களில் செய்தியாகிப் பிணமும் விழுந்தவை பெரும்பாலும் பைக்கும் ஆட்டோவும். ஆம், ஆட்டோ. எஞ்சினைக் குடைந்து, எடையைக் குறைத்து, முன்னும் பின்னும் பைக்குகள் வழி ஒதுக்க, பந்தயப் பணம் கட்டி ஓடும் மூன்று சக்கரங்கள். சிவிக்கில் டர்போ மாட்டிய கலிபோர்னியா ஏழைப் பையனின் நேர் வாரிசை இந்த ஊரில் தேடினால் மாற்றிய ஹோண்டாவில் கிடைக்க மாட்டான். ஆட்டோ ஸ்டாண்டில்தான் இருப்பான். அவனைப் பற்றி வாலிப மோகம் என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை. எதிரே பால் வண்டியில் வந்தவனைக் கொன்றுவிடும் விளையாட்டு அது, ரசிக்க ஒன்றுமில்லை. 2022 தொடக்கத்தில் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்த பிறகு இந்தச் சாலைகளில் பாதிக்கு மேல் அதன் பொறுப்பு.

சிக்கல் மாற்றங்களைப் பற்றிய சட்டத்தில்தான். நல்ல பிரேக் மாட்டியவனும் சைலன்சரை அறுத்தவனும் அதில் ஒன்று. ஜெர்மனியில் உதிரிபாகத்துக்கே சான்று உண்டு: தொழில்நுட்பச் சோதனை அமைப்பு ஆராய்ந்து ஒப்புக்கொண்ட சஸ்பென்ஷன், சக்கரம், எக்ஸாஸ்ட் ஆகியவற்றை மாட்டி, வண்டியைக் காட்டி, பதிவில் ஏற்றிக்கொள்ளலாம். ஒப்புதல் இல்லாததை மாட்டினால் வண்டி சாலைக்கு லாயக்கில்லை. அதனால் அங்கே மாற்றுவதும் ஒரு தொழில், வரி கட்டும் தொழில். இங்கே அதே வேலை தெரிந்த கைகள் பாதி ஷட்டரை இறக்கிவைத்துக்கொண்டு உழைக்கின்றன.

பெரிய நிறுவனங்கள் இதற்குள் போய் வந்துவிட்டன. திருவள்ளூரில் லான்சர் வரிசை நின்று, அந்த ஆலையில் இப்போது சிட்ரோயன் தயாராகிறது. மஸ்டாங் விற்பனை 2020இல் பி.எஸ்.6 மாசு விதியோடு நின்றது. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டு, மறுவருடம் மறைமலை நகரில் கடைசிக் காரை இறக்கியது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு மீண்டும் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் எஞ்சின் தயாரிக்க. அவை ஏற்றுமதிக்கு. நம் ஊர்க் கைகள் செய்யும் அமெரிக்க எஞ்சின் நம் ஊர்ச் சாலையில் ஓடாது.

பந்தயத்துக்கு அரசு பணம் செலவழிக்காமல் இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசி நாளும் செப்டம்பர் முதல் நாளும் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தடம் போட்டு இரவுப் பந்தயம் நடத்திக் காட்டியது. வேடிக்கை பார்க்க நன்றாக இருந்தது. வேலிக்கு வெளியே நின்றவனுக்கு ஓட்ட இடம் தரவில்லை. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் நேராகப் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் சோதனைத் தடங்களோடு இயங்குகிறது. மாதத்தில் ஓர் இரவு, சாலை வண்டிக்காரனுக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில், ஆம்புலன்சும் ஹெல்மெட்டும் கட்டாயமாக்கி, இருங்காட்டுக்கோட்டை நேர்கோட்டைத் திறந்துவிட விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடு பேசட்டும். அம்பத்தூர்ப் பட்டறை செய்யும் பிரேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் ஒரகடத்தில் சோதித்துச் சான்று தர மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு விதி எழுதட்டும். இரண்டுக்கும் புதிதாகக் கட்டிடம் எழுப்ப வேண்டியதில்லை.